விளக்குக் கட்சியும் காதுக் கட்சியும்

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று காலை என் வீட்டு மாடியில் சங்கத்தின் செயற்குழு கூடியது. வருகிற அக்டோபர் ஐந்தாம் தேதி 'என்ஜின் ட்யூனிங் பெருவிழா' நடத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒருமனது என்றால் என் மனது. பொருளாளர் நாச்சிமுத்து பருப்பு வடையில் மூழ்கியிருந்தார். ஜெசிந்தா டீச்சர் பேரனை டியூஷனில் விட வேண்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் இருவரும் கையைத் தூக்கினார்கள்.

பிற்காலத்தில் யாராவது சங்கத்தின் வரலாற்றை எழுத முற்படலாம். அவர்களுக்காக ஒரு குறிப்பு. கோவை பழைய கார் அன்பர்கள் சங்கம் ஜூன் மாதம் வரை ஒன்றாகத்தான் இருந்தது. தெய்வசிகாமணி ஆகிய நான் செயலாளர், வெள்ளியங்கிரி தலைவர். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. நான் பம்ப்செட் கம்பெனியில் சேல்ஸ் பார்த்து ஓய்வு பெற்றேன். அவன் கிரைண்டர் கடை வைத்து நாற்பது வருஷம் அந்தக் கடகடச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். என் பத்மினியும் அவனுடைய அம்பாசிடரும் எந்தக் கூட்டத்திலும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். கார் வேலை என்றால் மட்டும் வேட்டியை விட்டுவிட்டுக் காக்கி பேண்ட் போட்டுக்கொண்டு வருவான்.

என்ஜினுக்குள் நெருப்புப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்று சரிசெய்வதற்கு டைமிங் வைப்பது என்று பெயர். அதை அதற்கென்று இருக்கிற விளக்கை அடித்து, கண்ணால் பார்த்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்டே வைக்கலாம் என்பது அவன் கட்சி. ஜூன் மாதம் என் பத்மினிக்கு அவன் காதால் டைமிங் வைத்துவிட்டு, வீணை மாதிரி பாடுகிறது என்றான். எனக்கு அது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல் இருந்தது. உனக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று கேட்டேன். உனக்கு முதலில் கண் தெரிகிறதா, விளக்கை ரேடியேட்டர் மேல் அடித்துக்கொண்டு நிற்கிறாய் என்றான். எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். பாதி உறுப்பினர்களை இழுத்துக்கொண்டு போய்த் தனிச் சங்கம் வைத்துவிட்டான்.

விழாவுக்கு அவன் வந்து பார்க்க வேண்டும். அதற்காக விழா நடத்துகிறேன் என்று அர்த்தமில்லை. ஆனால் வந்து பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

டைரி கம்பெனிக்காரர்களுக்குப் பொறுப்பே இல்லை. இந்த வருஷம் கோடுகளை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கலாக அச்சிட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

விழாவில் நான் ஆற்ற வேண்டிய உரையை என் மனைவி மரகதத்திடம் ஒத்திகை பார்த்தேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். என்ஜினின் முன்பக்கத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதன் விளிம்பில் கம்பெனிக்காரன் ஒரு சின்ன வெட்டு போட்டிருப்பான். பக்கத்தில் அசையாமல் ஒரு முள் இருக்கும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது ஒன்றும் தெரியாது. டைமிங் லைட்டை அடித்தால் அது பொறி விழும் ஒவ்வொரு தரமும் மின்னி, சக்கரம் நின்றுவிட்டது போல் காட்டும். அந்த வெட்டு முள்ளுக்கு நேராக வருகிற மாதிரி மேலே பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது. இவ்வளவுதான் விஷயம்.

இத்தனூண்டு வெட்டு உங்கள் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டாள். நான் உரையை அத்தோடு நிறுத்திவிட்டேன். ரசனை இல்லாதவர்களிடம் என்ன பேசுவது?

செப்டம்பர் 14, ஞாயிறு

உழவர் சந்தைக்குப் போனோம். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்ததும் மரகதம் ஆரம்பித்தாள். தக்காளிக் கடைக்கு எதிரே வெள்ளியங்கிரி அண்ணன் நின்றாராம். என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாராம். நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேனாம்.

"ஏனுங்க, ஒரு மனுசன் அப்படிச் சிரிக்கறாரு, நீங்க செவத்தப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போறீங்க. அவரு மொகம் சுண்டிப் போச்சு தெரியுமா?"

அங்கே யாரும் நிற்கவில்லை. ஒரு மூட்டையோ தூணோ இருந்தது. வெள்ளியங்கிரியாவது என்னைப் பார்த்துச் சிரிப்பதாவது. அப்படியே சிரித்திருந்தாலும் ஏளனச் சிரிப்பாகத்தான் இருக்கும். எப்படிச் சிரித்தான் என்று மரகதத்திடம் இரண்டு தரம் கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பேனரின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நடுவில் என் பத்மினியின் படம், மேலே விழாவின் பெயர், கீழே என் பெயர் கொட்டை எழுத்தில். படம் நன்றாக வந்திருக்கிறது. வண்டியின் உருண்டை முகப்பு பளபளவென்று இருக்கிறது. 'அருமை, அப்படியே அச்சடிக்கவும்' என்று பதில் போட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பேரூர் கோயிலில் வெளிப் பிராகாரம் சுற்றும்போது எனக்கு முன்னால் ஜவ்வாது வாசனை வந்தது. ஜவ்வாது பூசிக்கொண்டு திரிகிற ஆள் எனக்குத் தெரிந்து கோவையில் ஒருவன்தான். கொஞ்சம் உற்றுப் பார்த்தேன், அவன் நடைதான். என்னதான் இருந்தாலும் கோயில் அல்லவா. பெரிய மனது பண்ணி 'வெள்ளிங்கிரி' என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாக இரண்டு தரம் கூப்பிட்டேன். வேறு யார் யாரோ திரும்பினார்கள், ஓதுவார்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவன் மட்டும் கையை வீசிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான்.

இவ்வளவு திமிர் ஆகாது. இனி நானாக அவனைக் கூப்பிடுவதாக இல்லை. சாமியையும் சரியாகக் கும்பிடவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோபம் தீரவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிரகடனம் போட்டேன். இரண்டு கட்சிக்காரர்களும் இன்னும் அந்த ஒரே குழுவில்தான் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள அது வசதியாக இருக்கிறது. பிரகடனம் இதுதான்: விழா அன்று விளக்கு அடித்து டைமிங் வைத்த கார்கள் எல்லாம் ஊர்வலமாகக் கிளம்பி விழா மண்டபத்துக்கு எதிரே இருக்கும் மேம்பாலத்தில் ஏறி இறங்கும். ஒரு கார் நின்றாலும் நான் செயலாளர் பதவியை ராஜினாமா செய்வேன். சங்கத்தைக் காதுக் கட்சியே வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளியங்கிரி பதிலுக்கு ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டான். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பேனர் வந்தது. நாச்சிமுத்து விரித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, படத்தில் இருப்பது கார் இல்லை என்றார். கடைக்காரர் வேறு யாருடைய காதணி விழா படத்தையோ மாற்றிப் போட்டுவிட்டார். பேனரின் நடுவே மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை, இரண்டு காதும் தெரிகிற மாதிரி, அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேலே 'என்ஜின் ட்யூனிங் பெருவிழா', மடிக்குக் கீழே என் பெயர்.

"பாக்கறதுக்குக் காதுக் கட்சி வெளம்பரமாட்ட இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.

மாற்றித் தர இனி நேரமில்லையாம். மாதிரியை நான்தான் பார்த்து ஒப்புக்கொண்டேன் என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பை எடுத்துக் காட்டினார். இந்தக் காலத்துப் போன்களில் படம் தெளிவாகத் தெரிவதில்லை. அப்படியே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

மரகதம் கொல்லைப்புறத்தில் நின்று போனில் பேசிக்கொண்டே இருக்கிறாள். எதிர்முனையில் வெள்ளியங்கிரியின் மனைவி ருக்குமணி. நான் போனதும் சேலை வியாபாரம் என்கிறாள். ஆனால் 'இவரு தனியா வரமாட்டாரு, அவரும் வந்தாத்தான் ஆகும்' என்று அவள் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஆண்கள் துணைக்கு வராமல் எடுக்க முடியாத சேலை என்ன சேலையோ தெரியவில்லை.

சாயந்திரம் பத்மினியை ஷெட்டில் விடும்போது பக்கத்து வீட்டு கேட்டில் லேசாக உரசிவிட்டது. அவர் கேட்டை முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். கேட்டால், பதினாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது என்று சாதிக்கிறார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எல்லாக் காரையும் மண்டபத்தின் வாசலில் வரிசையாக நிறுத்தி ஒரே பூஜையாகப் போட்டோம். விழாவும் அங்கேதான் என்பதால் இடத்துக்கும் கண்ணேறு கழிந்த மாதிரி ஆயிற்று. வாழைக்கன்று, மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம், பூசணிக்காய், பொரிகடலை, எதிலும் குறைவில்லை.

மற்றவர்கள் பானெட்டின் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரிகடலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. உழைப்பது பானெட்டா, என்ஜினா? நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, உள்ளே சுற்றுகிற பாகம் எதையும் விட்டுவிடாமல் பொட்டு வைக்கச் சொன்னேன். சுற்றுகிறதில் வைத்தால் சந்தனம் நிற்காதே, தெறித்துவிடுமே என்றார். நிற்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள், பொருளாளர் என்றால் யோசனை வேண்டாமா என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போய் ஒரு டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்து வந்தார். நான் தீபாராதனையில் இருந்ததால் அப்புறம் கவனிக்கவில்லை. மனிதர் ஒவ்வொரு பானெட்டுக்குள்ளும் தலையை விட்டு அரை மணி நேரம் பொறுமையாகச் செய்தார். பக்தி என்றால் அது பக்தி.

வரிசையில் என் பத்மினிக்கு வலது பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. வேறு யாரையும் அங்கே நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கதவு திறக்க இடம் வேண்டும் அல்லவா.

அக்டோபர் 4, சனி

நாளை விழா. காலைக்குப் பொங்கல், மத்தியானத்துக்கு அரிசிம்பருப்பு சாதமும் தயிர்ப் பச்சடியும். வெள்ளியங்கிரிக்கு அரிசிம்பருப்பு சாதம் என்றால் உயிர். அதற்காக அல்ல, சமையல்காரருக்கு அது நன்றாக வரும்.

முன்வரிசையில் ஒரு நாற்காலியில் துண்டு போட்டு வைக்கச் சொன்னேன். யாருக்கு என்று டீச்சர் கேட்டார். தோற்றவர்களும் உட்கார இடம் வேண்டாமா என்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார் என்று நினைக்கிறேன். முகம் சரியாகத் தெரியவில்லை, மண்டபத்தில் வெளிச்சம் போதாது.

அக்டோபர் 5, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கை இன்னும் கிரீஸாக இருக்கிறது.

காலையில் கூட்டம் நன்றாகவே வந்தது. விளக்குக் கட்சிக் கார்கள் எட்டும் வந்துவிட்டன. ஒரு குடும்பம் வெள்ளி டம்ளரோடும் பட்டுச் சேலைகளோடும் வந்து இறங்கி, குழந்தை எங்கே என்று கேட்டது. பேனர் செய்த வேலை. திருப்பி அனுப்ப மனமில்லாமல் பொங்கல் சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு, வந்ததற்கு இதையாவது பார்ப்போம் என்று முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். துண்டு போட்ட நாற்காலியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்து பேக்கரியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காலையிலிருந்தே தேங்காய் பன்னும் டீயுமாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட். டிராபிக் போலீஸ்காரர்தான், சந்தேகமில்லை. ஊர்வலத்துக்கு அனுமதி எதுவும் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கையை ஆட்டினேன். அவர் பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

உரை முடிந்து விளக்கை எடுத்தேன். முதலில் என் பத்மினி. விளக்கு மின்னியதும் சக்கரத்தில் வெள்ளை வெளேரென்று அடையாளம் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு பளிச்சென்று தெரிந்ததே இல்லை. கண்ணைப் பற்றிப் பேசியவர்கள் வந்து பார்க்கட்டும் என்று மைக்கிலேயே சொன்னேன். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வெள்ளையை முள்ளுக்கு நேராக நிறுத்தினேன். என்ஜின் ஒரு தரம் தும்மியது. சத்தம் கட்டையாக, மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி மாறியது. என் காதுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் காதைக் கேட்பது எதிர்க்கட்சியின் கொள்கை. கண்டுகொள்ளாமல் அடுத்த காருக்குப் போனேன். எட்டுக் காரிலும் அதே பளிச், அதே தும்மல். டீச்சரின் காரிலிருந்து டமார் என்று ஒரு வெடி கிளம்பி, வெள்ளி டம்ளர்க் குடும்பத்தின் பாட்டையா நாற்காலியோடு நகர்ந்தார்.

ஊர்வலம் கிளம்பியது. முதல் கார் என்னுடையது. சமதரையில் எப்படியோ போய்விட்டோம். பாலத்தின் ஏற்றம் வந்ததும் பத்மினி முனகியது, புகைந்தது, பாதி ஏற்றத்தில் நின்றேவிட்டது. பின்னால் வந்த ஏழும் ஒவ்வொன்றாக, வெடி போட்டுக்கொண்டே நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், சிமெண்ட் லாரி, அப்புறம் கணக்கில்லாத வண்டிகள். அத்தனை பேரும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் இறங்கி நின்றேன். பதவி போனது போகட்டும். அவன் இதைக் கேள்விப்பட்டுச் சிரிப்பானே, இனி எந்த முகத்தோடு அவனிடம் போய்ப் பேசுவேன் என்பதுதான் நினைப்பாக இருந்தது. அப்போது வண்டிகளுக்கு நடுவே அந்த வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட், பேக்கரியிலிருந்து நேராக என்னை நோக்கி ஏறி வந்தது. போலீஸ். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன், வயதானவன், இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்று அழாத குறையாகக் கெஞ்சினேன்.

வெள்ளைச் சட்டை நின்றது. அப்புறம் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. ஜவ்வாது வாசனை அடித்தது.

"விடு சிகாமணி, கையக் கீழ போடு. ரெண்டு பேருந்தான பேசுனோம். நீ மட்டும் எதுக்குக் கும்புடறே?"

அவன் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பக்கத்தில் வந்தால் எனக்கு நன்றாகத் தெரியும். அவன் நினைப்பை நான் திருத்தவில்லை. யாருக்குக் கும்பிட்டேன் என்பது எனக்கும் இந்த டைரிக்கும் மட்டும் தெரிந்திருந்தால் போதும். நான் கெஞ்சியதில் போலீஸ்காரரைச் 'சார்' என்று விளித்தது நாலைந்து தடவை வரும். அதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. காதில் விழாத மாதிரியே இருந்தான்.

கோயிலில் நீ ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். தலையாட்டினான். சந்தையில் சிரித்தாயாமே என்றேன். அதற்கும் தலையாட்டினான். எது சொன்னாலும் என் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டினான். பின்னால் அத்தனை ஹாரன் ஊரைக் கூட்டுகிறது, அவனுக்கு மட்டும் துளிப் பதற்றம் இல்லை. ஒரு காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, வாயைப் பார்த்துப் பேசும் அந்த நிற்பை நான் இதற்கு முன் கிரைண்டர் கடையில் பார்த்திருக்கிறேன். கடைக்குள் இரைச்சல் என்பதால் அப்படி நிற்கிறான் என்று நினைத்திருந்தேன். பாலத்தின் மேலும் இரைச்சல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தான்.

"என்றா இது? சக்கரம் பூரா மாலை கோத்தாப்புல பொட்டு வெச்சிருக்குது. இதுல எந்தப் பொட்டப் பாத்து நீ டைமிங் வெச்சே?"

நாச்சிமுத்து பின்னாலிருந்து, சந்தனம் நிற்காது என்று வீட்டில் மிச்சமிருந்த வெள்ளை பெயின்டைக் கொண்டு சக்கரத்தைச் சுற்றி ஒன்றுவிடாமல் வைத்ததாகப் பெருமையோடு விளக்கினார். வெள்ளியங்கிரி என்னை நிமிர்ந்து பார்த்தான். என் முகத்துக்கு முன்னால் இரண்டு விரலைத் தூக்கி ஏதோ செய்யப் போனவன், கையைக் கீழே போட்டுவிட்டான். வெயில் அடிக்கிறது, எனக்கே ஒன்றும் தெரியவில்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். பொய். அவன் கண் பருந்துக் கண்.

துணியைப் பெட்ரோலில் நனைத்து, பொட்டை எல்லாம் துடைத்து, கம்பெனிக்காரன் போட்ட அந்த இத்தனூண்டு வெட்டைத் தேடி எடுத்தான். விளக்கை அவன் அடித்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் கையில் விளக்கு. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்துவிட்டு, எப்படி ஓடுகிறது என்று கேட்பது போல் என்னைப் பார்த்தான். கேட்காமல் பார்த்தான். நான் காதைக் கொடுத்தேன். இன்னும் ஒரு மயிரிழை வேண்டும் என்று என் காது சொன்னது. அவன் தோளில் ஒரு தட்டு தட்டினேன், திருப்பினான். சத்தம் சரியாக வந்ததும் இரண்டு தட்டு. நிறுத்தினான். இப்படியே எட்டுக் கார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நிஜப் போலீஸ்காரர் ஒருவரும் வந்தார். தானும் ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பதாகச் சொல்லி, அதற்கும் டைமிங் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

எட்டும் பாலம் ஏறி இறங்கின. பத்மினியில் என் பக்கத்தில் அவன் உட்கார்ந்து வந்தான். அரிசிம்பருப்பு சாதம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். துண்டு போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்தான், அவனாகவே போய் உட்கார்ந்தான். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. எழுதி வைப்பதில் தப்பில்லை.

அக்டோபர் 6, திங்கள்

சங்கம் மறுபடியும் ஒன்றாகிவிட்டது. எட்டுக் காரும் கடைசியில் பாலம் ஏறி இறங்கிவிட்டதால் என் ராஜினாமா தேவையில்லை என்று முடிவாயிற்று. இனி எந்தக் காருக்கும் டைமிங் வைக்க இரண்டு பேர் வேண்டும், விளக்குக்கு ஒருவர், காதுக்கு ஒருவர் என்று தீர்மானம் போட்டோம். விளக்குக் கட்சித் தலைவர் காதுக்கும், காதுக் கட்சித் தலைவர் விளக்குக்கும் ஏன் என்று டீச்சர் கேட்டார். பரஸ்பர நம்பிக்கை என்றேன். வெள்ளியங்கிரி தலையாட்டினான்.

காதணி விழா என்று நினைத்து வந்தவர்கள் விட்டுப்போன வெள்ளி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பேனர் குழந்தையின் அப்பா விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து பேனரைக் கேட்டு வாங்கிப் போனார். அவர்கள் வீட்டு விழாவில் என் பத்மினி பேனராகத் தொங்கியதாம். வந்தவர்கள் எல்லாம் பையனுக்குக் காரா வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்களாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

மரகதம் ரகசியமாக ஒரு விஷயம் சொன்னாள். வெள்ளியங்கிரிக்குக் காது டாக்டரைப் பார்க்க வேண்டுமாம், தனியாகப் போகக் கூச்சப்படுகிறானாம், நான் துணைக்குப் போனால் வருவானாம். பாவம், நண்பனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? உடனே ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன அதிசயம், அங்கே காது டாக்டரின் அறைக்குப் பக்கத்து அறை கண் டாக்டருடையது. அங்கே என் பெயருக்கும் ஒரு டோக்கன் போட்டிருந்தது. வெள்ளியங்கிரியைக் கேட்டால், எனக்குக் கண் காட்டத் துணைக்கு வந்ததாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ருக்குமணி அப்படித்தான் சொன்னாளாம். கேண்டீன் பக்கம் பார்த்தேன். சேலை நிறத்தில் இரண்டு உருவங்கள் சட்டென்று தூணுக்குப் பின்னால் போயின. சேலை வியாபாரம்!

எழுந்து போய்விடலாமா என்று இருவருமே யோசித்தோம். போகவில்லை. என் டோக்கன் எண் சுவரில் ஓடுகிற பலகையில் வந்தபோது அவன் என்னைத் தட்டினான். அவன் பெயரை நர்ஸ் கூப்பிட்டபோது நான் அவனைத் தட்டினேன். எட்டுக் கார் பார்த்துப் பழகிய தட்டுத்தான்.

எனக்குச் சின்னதாக ஏதோ புரை என்கிறார் டாக்டர். தீபாவளி கழித்து எடுத்துவிடலாமாம். அவர் சொல்வதற்காக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

டைரி கம்பெனிக்காரர்கள் திருந்திவிட்டார்கள். இதே டைரிதான், இந்தப் பக்கத்தில் கோடுகள் எல்லாம் அழகாகத் தெரிகின்றன. முன்பக்கங்களைப் புரட்டினால் என் எழுத்து ஆடு மேய்ந்த மாதிரி கண்ட இடத்தில் கிடக்கிறது. பேனாவின் கோளாறு.

காலையில் உழவர் சந்தைக்குப் போனேன். தக்காளிக் கடைக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டை நின்றது. காதுக்குப் பின்னால் சந்தன நிறத்தில் சின்னதாக ஒரு மிஷின். பக்கத்தில் போகாமல், அங்கிருந்தே, சாதாரணக் குரலில்தான் 'வெள்ளிங்கிரி' என்றேன். திரும்பினான். சிரித்தான். மரகதம் சொன்னது சரிதான், வாய் நிறையத்தான் சிரிக்கிறான்.